கடை சாத்தும் நேரத்தில் வருகிறவர்கள்

மருந்துக் கடைக்காரனுக்கு ஊராரின் உடம்பு தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், யார் வீட்டுப் பெரியம்மா மாத்திரை போடாமல் தூங்க மாட்டார் என்பதெல்லாம் டாக்டர் சீட்டைப் பார்த்தே தெரிந்துவிடும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் நான் கடை நடத்திய காலம் முழுக்க, ஒரே ஒரு வியாதி மட்டும் சீட்டு இல்லாமலே வந்தது. அதற்கு ஆள் வருகிற நேரமும் தனி. இரவு ஒன்பதரைக்கு மேல், பையன் வெளியே கிடக்கும் ஸ்டூலை உள்ளே எடுத்துப் போடும்போது வருவார்கள். கடையில் பெண்கள் யாராவது நின்றால் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வந்ததும் முதலில் ஒரு ஜெலுசில், இரண்டு குரோசின். காசு கொடுத்த பிறகும் நகர மாட்டார்கள். பிறகு குரல் இறங்கும்: “தம்பி, நரம்புக்கு நல்ல மாத்திரையா ஏதாச்சும் இருக்கா?”

எண்பதுகளில், இன்னொருவர் கடையில் நான் தொழில் பழகிய நாட்களில், இந்தக் கேள்விக்கு எங்களிடம் மருந்து இல்லை. பி காம்ப்ளக்ஸ் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார் முதலாளி. அதனால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. அந்த மனிதர்கள் அடுத்துப் போன இடம் லாட்ஜ். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதம் ஒரு நாள் ‘பரம்பரை வைத்தியர்’ வந்து அறை எடுத்துத் தங்குவார். எந்தத் தேதி, எந்த லாட்ஜ், எந்த அறை என்று பேப்பரில் விளம்பரம் வரும். கழிப்பறைச் சுவர், ரயில்வே கேட், மின் கம்பம் என எங்கும் ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்கும் நோட்டீஸ்கள். காம இன்பத்துக்கான சக்தியைக் கூட்டித் தருவதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சட்டம் எங்கள் சந்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

சித்த மருத்துவம் முறையாகப் படித்து, நாடி பார்த்து, நேர்மையாக மருந்து தருகிறவர்களை எனக்குத் தெரியும். நான் சொல்வது அவர்களை இல்லை. பயத்தை முதலில் விற்று, பிறகு அதற்கு லேகியம் விற்றவர்களைச் சொல்கிறேன். சின்ன வயதில் செய்த தப்புக்குத் தண்டனை, தூக்கத்தில் விந்து போனால் உடம்பு கரைந்துவிடும், ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்றெல்லாம் அவர்கள் சொன்னதில் ஒன்றுகூட மருத்துவ உண்மை கிடையாது. ஆனால் அதைக் கேட்ட பையன்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பின்னாளில் டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் ‘புதிரா? புனிதமா?’ நிகழ்ச்சியில் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசியபோது, என் கடைக்கு வருகிறவர்களின் கேள்விகள்கூடக் கொஞ்சம் தெளிவாயின.

தொண்ணூறுகளில் நான் சொந்தமாகக் கடை போட்டேன். மாடியில் ஒரு பொது மருத்துவர் கிளினிக் வைத்திருந்தார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது டிப்ளமோ படிப்பில் கற்றதைவிட அதிகம்.

ஒரு நாள் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டு வந்தான். என்னப்பா சாப்பிட்டே என்றேன். மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். கருப்பாக, நெய் மிதக்கும் லேகியம். டப்பாவில் பெயரோ தயாரித்த தேதியோ எதுவும் இல்லை; வெள்ளைத் தாளில் பேனாவால் ‘காலை, இரவு’ என்று எழுதி ஒட்டியிருந்தது. “கல்யாண மோதிரத்த அடகு வச்சு வாங்கினேன்ணே. மூணு மண்டலம் சாப்பிடணுமாம்.” அவனுக்குக் கல்யாணமாகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மாடிக்கு அனுப்பினேன். டாக்டர் அவனிடம் கேட்ட முதல் கேள்வியைப் பிறகு எனக்கும் சொன்னார்: காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? இருக்கிறது என்றான் அவன். ஆரோக்கியமான ஆணுக்கு இரவுத் தூக்கத்தில் பலமுறை தானாகவே விறைப்பு வந்து போகும். அது ஒழுங்காக இருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் சரியாக இருக்கின்றன என்பதற்கு நல்ல அடையாளம். அப்போது தடை பெரும்பாலும் மனதில் இருக்கிறது. முதல் நாள் பதற்றத்தில் ஒரு முறை முடியாமல் போகிறது. மறுநாள் இன்றைக்கும் முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் வருகிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ரத்தம் போகாத இடத்தில் விறைப்பு வராது.

டாக்டர் அவனை மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார், மனைவியையும் அழைத்துப் போகச் சொல்லி. அங்கே கொடுத்த முதல் வைத்தியம், சில வாரங்களுக்கு உறவே கூடாது என்பது. பேசலாம், தொடலாம், பக்கத்தில் படுக்கலாம். அதற்கு மேல் முயற்சி செய்யக் கூடாது. பரீட்சை இல்லை என்று தெரிந்ததும் பயம் தானாக இறங்கும். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட முறை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன் அதன்பின் கடைக்கு வரும்போதெல்லாம் இருமல் சிரப், தைலம் என்று வாங்கிப் போனான். லேகியத்தைப் பற்றிப் பேசவில்லை.

1998 மார்ச்சில் வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த செய்தி நம் பேப்பர்களிலும் வந்தது. ஃபைசர் கம்பெனி அதிலுள்ள சில்டெனாஃபில் மருந்தை முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் இங்கிலாந்தில் ஆராய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனையில் இருந்தவர்கள் வேறொரு மாற்றத்தைச் சொன்னார்கள். அதே 1998-இல், ரத்தக்குழாய்களைத் தளரவைக்கும் செய்தியை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எடுத்துச் செல்கிறது என்று கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று மாடி டாக்டர் எனக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார்.

ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை போகிறது. ஆணுறுப்பில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அது சிஜிஎம்பி என்ற பொருளை உண்டாக்குகிறது. அதனால் உறுப்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுக்களின் தசை தளர்ந்து, ரத்தம் பாய்ந்து நிறைகிறது. நிறைந்த அழுத்தத்தில் வெளியேறும் சிரைகள் நசுங்கி, ரத்தம் உள்ளேயே நிற்கிறது. அதுதான் விறைப்பு. வேலை முடிந்ததும் பிடிஇ-5 என்ற என்சைம் சிஜிஎம்பியை அழித்துவிடும். சில்டெனாஃபில் அந்த என்சைமைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆசையை அது உண்டாக்காது. மாத்திரையைப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

2001-இல் இந்தியக் கம்பெனிகளின் சில்டெனாஃபில் என் கடைக்கு வந்தது. அப்போது நம் சட்டம் மருந்து தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் காப்புரிமை கொடுத்தது. மருந்துக்கே காப்புரிமை என்பது 2005-இல் வந்தது. அதனால் கேவெர்ட்டா, பெனிக்ரா என்று பல பெயர்களில், பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவரும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது. டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்து அது. ஆனால் ஆட்கள் கொண்டுவந்தது சீட்டை இல்லை, ஸ்ட்ரிப்பிலிருந்து வெட்டிய ஒற்றை மாத்திரையின் காலி ஃபாயிலை. பெயரில் பாதி கத்தரியில் போயிருக்கும், உள்ளங்கை வியர்வையில் எழுத்து அழிந்திருக்கும். அதைக் காட்டி, “இதுல ஒண்ணு” என்பார்கள்.

ஒரு தலைமையாசிரியர் அப்படித்தான் வந்தார். பல வருடமாக என்னிடம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர். கடையில் யாருமில்லை. “தம்பி, நண்பர் ஒருத்தருக்கு” என்று ஆரம்பித்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. “சார், உங்க நண்பருக்கு நெஞ்சுவலி உண்டா? நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாச்சும் வச்சிருக்காரா?” என்று மட்டும் கேட்டேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. சார்பிட்ரேட் ஸ்ட்ரிப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதச் சொல்றியா?”

அந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்க்கக் கூடாது. சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகின்றன. அதனால் சிஜிஎம்பி பெருகும். சில்டெனாஃபில் அதை அழியவிடாது. உடம்பு முழுவதும் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். உயிர் போகவும் கூடும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், அதே வகையைச் சேர்ந்த டாடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட் தரக் கூடாது என்பது விதி. சொன்னேன். சார் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் குரல் உயர்த்தாமலே ஐநூறு பையன்களை அடக்கியவர், “அப்ப எனக்கு வழியே இல்லையா தம்பி?” என்று கேட்டார். நண்பர் என்ற பேச்சு அதோடு போனது.

வழி இருந்தது. மாடி டாக்டர் அவரை முதலில் இதய மருத்துவரிடமும், பிறகு மதுரையில் யூராலஜி மருத்துவரிடமும் அனுப்பினார். மாத்திரை ஆகாதவர்களுக்கு இருக்கும் வழிகளை அந்த மருத்துவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று, வேக்யூம் பம்ப். பிளாஸ்டிக் குழாயை உறுப்பின்மேல் வைத்துக் காற்றை வெளியேற்றினால் ரத்தம் உள்ளே இழுக்கப்படும். பிறகு அடிப்பகுதியில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுவிட வேண்டும். வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவது, ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி. மெல்லிய ஊசியால் உறுப்பின் பக்கவாட்டில் போடுவது. டாக்டரே பழக்கித் தருவார். 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த மருத்துவ மாநாட்டில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, உறுப்பில் ஊசி போடும் முறையைத் தன் உடம்பிலேயே செய்துகொண்டு வந்து சபைக்குக் காட்டினார். அங்கே இருந்தவர்களுக்கு அதிர்ச்சி. ஆனால் விறைப்பு என்பது ரத்த ஓட்ட விஷயம், மருந்தால் அதை வரவழைக்க முடியும் என்பதற்கு அதன்பின் சாட்சி தேவைப்படவில்லை. அந்த மனிதரின் துணிச்சல்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மூன்றாவது, எதுவுமே பயன்படாதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்ளே பொருத்தும் இம்பிளான்ட். காற்றடைப்பதுபோல் திரவத்தால் நிரப்பும் வகையை அமெரிக்காவில் பிரான்ட்லி ஸ்காட் 1973-இல் கொண்டுவந்தார்; வளைத்து நிமிர்த்தும் எளிய வகையும் உண்டு. செலவு அதிகம், ஒருமுறை வைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. அதனால் அது கடைசி வழி.

சார் பம்ப் வாங்கினார். மனைவியும் கூடப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார் என்று டாக்டர் சொன்னார். சில மாதம் கழித்து அந்த அம்மா சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்க வந்தார். பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு, “சார் இப்பத்தான் தம்பி வீட்டுல முகம் குடுத்துப் பேசுறாரு” என்றார். அந்த ஒரு வார்த்தையில், அந்த வீட்டில் எத்தனை வருடமாகப் பேச்சு நின்றிருந்தது என்று எனக்குப் புரிந்தது. படுக்கையில் முடியாமல் போகும் ஆண் படுக்கையை மட்டும் தவிர்ப்பதில்லை. மனைவியின் முகத்தையே தவிர்க்கிறார். தன்மேல் ஆசை போய்விட்டது என்று மனைவி நினைத்துக்கொள்கிறார். அந்தக் காயத்துக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

லேகிய வியாபாரமும் காலத்துக்கேற்ப மாறியது. ஒருவர் பளபளப்பான அட்டைப் பெட்டியோடு வந்தார்; ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று போட்டிருந்தது. முந்தின இரவு ஒரு கேப்சூல் போட்டாராம். முகம் சிவந்து, மூக்கடைத்து, தலை வெடிக்கிற மாதிரி வலி. அதிசயம் என்னவென்றால் மருந்து நன்றாக வேலை செய்தது என்றார். சில்டெனாஃபிலின் பக்கவிளைவுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவர் அவற்றைத்தான் வரிசையாகச் சொன்னார். மூலிகை என்ற பெயரில் விற்கும் இப்படிப்பட்ட பொருட்களில் சில்டெனாஃபிலோ அதன் உறவு ரசாயனங்களோ கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பரிசோதித்து எச்சரித்திருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று தெரியாது, சார்பிட்ரேட் எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் யார் பொறுப்பு என்றும் தெரியாது. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு அவரை மாடிக்கு அனுப்பினேன்.

ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்களில் எனக்கும் விறைப்பில் குறை வந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. என் மனைவிதான் முதலில் பேச்செடுத்தார். “பிரஷருக்கு டாக்டரப் பாக்குறீங்க. இதயும் அவர்கிட்டயே சொல்லுங்களேன். ஒளிச்சு வச்சு என்னங்க ஆகப்போகுது?” என்றார். மறுநாளே இருவரும் மாடிப்படி ஏறினோம்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. முதலில் வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பார்க்கச் சொன்னார். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த ரத்தத்தைக் காலையிலேயே கொடுக்கச் சொன்னார். குறைவாக இருந்தால்தான் அந்த ஹார்மோனைத் தர வேண்டும். குழந்தை வேண்டும் என்கிற வயதில் அதைத் தேவையில்லாமல் போட்டால் விந்தணு உற்பத்தியே குறைந்துவிடும். எனக்கு அது சரியாக இருந்தது. அடுத்து, ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும். இதற்கு எதற்கு இதயப் பரிசோதனை என்று கேட்டேன். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மி.மீ.; இதயத்துக்கு ரத்தம் தரும் தமனி 3 முதல் 4 மி.மீ. கொழுப்புப் படிவது உடம்பு முழுக்க ஒரே நேரத்தில்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் வாடும் என்றார். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே பலருக்கு விறைப்பு குறையத் தொடங்கிவிடுகிறது. அதைச் சொல்லிவிட்டால் அந்தச் சில வருடங்கள் இதயத்தைக் காப்பாற்றப் போதுமான அவகாசம்.

என் பிரஷர் மாத்திரை ஒன்றை டாக்டர் மாற்றினார். சிறுநீர் பிரியவைக்கும் சில பிரஷர் மாத்திரைகளும், பீட்டா பிளாக்கர்களில் சிலவும், மனச்சோர்வுக்கான பல மருந்துகளும் விறைப்பைக் குறைக்கக்கூடியவை. அதற்காக யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து டாக்டரிடம் இருக்கிறது. கூடவே தினமும் நடை, இரவுச் சாப்பாட்டில் அளவு. எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் விடச் சொல்லியிருப்பேன் என்றார். அதன் பிறகு தினமும் 5 மி.கி. டாடலாஃபில் கொடுத்தார். சில்டெனாஃபிலை உறவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, நெய்ச்சோறும் பிரியாணியும் இல்லாத வயிற்றில் போட வேண்டும். டாடலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. பெரிய அளவில் போட்டால் 36 மணி நேரம்வரை அதன் வேலை நீடிக்கும். எதைப் போட்டாலும் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் திசுவே நிரந்தரமாகக் கெட்டுவிடும். எனக்கு மருந்து கேட்டது. அதைவிட, இருவரும் சேர்ந்து படியேறியதுதான் எனக்கும் என் மனைவிக்கும் பெரிய ஆறுதல்.

கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். இந்தக் குறை எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில் இதை அபூர்வம் என்று நினைக்க எந்த நியாயமும் இல்லை. உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் உறவில் இது இருக்கிறது.

ஆகவே படிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சில மாதங்களாக விறைப்பில் குறை தெரிந்தால் மருந்துக் கடைக்கும் லாட்ஜுக்கும் போகாதீர்கள். உங்கள் சர்க்கரையையும் பிரஷரையும் பார்க்கும் அதே டாக்டரிடம், அதே மாதிரி சாதாரணமாகச் சொல்லுங்கள். எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் அத்தனையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மனைவியிடம் மறைக்காதீர்கள். டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: நோயாளி தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரிடமும் நீங்களே கேளுங்கள். மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். சீட்டோடு வந்தாலும் நெஞ்சுவலி மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.